இமைமுடியும் இரும்பு ஊசியும்

என் மனைவி புழு வளர்க்கிறாள். இதைச் சொன்னால் என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பட்டுப்புழுவா என்று கேட்பார்கள். இல்லை. மண்புழுவா? அதுவும் இல்லை. கண்ணுக்கே தெரியாத நூற்புழு. பைன் மரத்தைக் கொல்கிற புழு. மரத்தைக் கொல்கிற புழுவை எதற்கையா வளர்க்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் கழுத்தில் துண்டைக் கட்டி, தலையைக் குனிய வைத்துவிடுவேன். குனிந்த தலைக்குப் பதில் சொல்வது சுலபம்.

எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் சரிவு முழுக்க பைன் மரங்கள்தான். நன்றாகப் பச்சைப் பசேலென்று நிற்கும் மரம், ஒரு கோடையில் திடீரென்று துருப்பிடித்த நிறத்துக்கு மாறும். இரண்டு மாதத்தில் விறகு. நீள மீசை வைத்த வண்டு ஒன்று மரத்தின் இளம் பட்டையைக் கடிக்கிறது. அந்த வண்டின் மூச்சுக் குழாய்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் ஓசிப் பயணம் செய்துகொண்டு வருகின்றன. கடித்த இடத்தின் வழியாக இறங்கி மரத்துக்குள் போய்விடுகின்றன. அதன்பின் மரத்தால் தண்ணீரை மேலே இழுக்க முடிவதில்லை. வேரில் ஈரம் இருக்கும்போதே உச்சி தாகத்தில் செத்துப்போகும். நான் படித்தவன் இல்லை. பதினாறு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவன்.

ஊர்க்கோடியில் வனத்துறையின் மரநோய் ஆய்வகம் இருக்கிறது. மஞ்சள் சுவர், நீளமான நடை, நடையின் கடைசியில் கண்ணாடி ஜன்னல் வைத்த புழு அறை. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குத்தான் அவள் முதலில் போனாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மூணு சாமான் உடைச்சேன், ஒருத்தரும் திட்டல. நல்ல இடம்" என்றாள். ஆறு மாதத்தில் கழுவுவதை விட்டுவிட்டு புழுவுக்கு வந்துவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

நோய் வந்த மரத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, மெல்லிய துணியில் கட்டி, புனலில் நிற்கும் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பாள். புனலின் அடியில் ரப்பர் குழாய், குழாயை நெரித்துக்கொண்டு ஒரு கிளிப். புழுக்கள் மரத்தைவிட்டு நழுவி நழுவி குழாயின் அடியில் போய்ச் சேரும். மறுநாள் காலையில் கிளிப்பைத் திறந்தால் கிண்ணத்தில் ஒரு மடக்குத் தண்ணீர். எனக்கு அது வெறும் தண்ணீர்தான். அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு, "எழுந்துட்டானுங்க!" என்பாள். அவ்வளவு சந்தோஷம். சொந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போது அந்தக் குரலில் பாதிகூட வராது.

ஊரில் அவளுக்குப் புழுக்காரம்மா என்றே பெயராகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு. வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முனகிப் பாடிக்கொண்டே இருப்பாள். எந்தப் பாட்டு என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் விளையாட்டே கிடையாது. கையை முழங்கை வரை கழுவுவாள், மேஜையை ஸ்பிரிட்டால் துடைப்பாள், ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துவிட்டுத்தான் புழு இருக்கும் கண்ணாடித் தட்டின் மூடியைத் திறப்பாள், அதுவும் விரல் நுழையும் அளவுக்கு. ஆய்வகத்துக்கு நான்கு தலைவர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் போகும்போது அடுத்தவரிடம் சொன்னது ஒன்றுதான்: புழு அறையை அந்த அம்மாவிடம் விட்டுவிடுங்கள், அவர் கை சுத்தம்.

புழுவை ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பதற்கு அவள் வைத்திருந்த ஆயுதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் நகப்பாலிஷ் வைத்து ஒட்டிய ஒரே ஒரு இமைமுடி. என் கண்ணிமை முடி! மகளுடையதை ஒட்டிப் பார்த்தாள், ரொம்ப மெத்தென்று இருந்ததாம். கடையிலிருந்து நான் கொண்டுவந்த விதவிதமான முடிகளையும் சோதித்தாள். மீசை முடி முரடு, தலைமுடி துவண்டு போகிறது. கடைசியில் ஒரு நாள் காலையில் என் கன்னத்தில் உதிர்ந்து கிடந்த இமைமுடி தேறியது. அதன் வளைவில் புழுவை ஏந்தித் தூக்கினால் அதற்குத் தூக்கியதே தெரியாதாம். ஸ்பிரிட்டில் முக்கி, உலர்த்தி, வேலை செய்வாள். அரசாங்க ஆய்வகத்தில் என் உடம்பின் ஒரு பாகம் உத்தியோகம் பார்க்கிறது என்று நான் கடையில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐந்தாவது தலைவர் வந்தார். மரத்துக்கு டாக்டர். கெட்டிக்காரர், நல்லவர்தான், ஆனால் பொறுமை கிடையாது. என் கடைப்பக்கம் அவர் வந்ததே இல்லை. அவர் பின்தலையைப் பார்த்தாலே தெரியும், எங்கேயோ போய் அநியாயமாக வெட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கு ஒரு சந்தேகம். இந்த மரத்தைப் புழு மட்டும்தான் கொல்கிறதா, அல்லது புழுவின் வயிற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா ஏதாவது கூட நின்று உதவுகிறதா? முதலில் உள்ளே குடித்தனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்ன அன்று, எங்கள் மகள் கையில் எடுத்ததை வாயில் வைக்காமல் யோசித்தாள். "அப்ப வண்டுக்குள்ள புழு, புழுவுக்குள்ள பாக்டீரியா. பாக்டீரியாவுக்குள்ள யாரும்மா?"

"நீ சாப்பிட்டு முடி, சொல்றேன்" என்றாள் அவள். மறுநாள் டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாள். அவர் பதில் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாராம்.

உள்ளே பார்ப்பதற்கு முன்னால் புழுவின் வெளிப்புறம் சுத்தமா என்று உறுதி செய்தாக வேண்டும். இல்லையென்றால் தோலில் ஒட்டிக்கொண்டு வந்ததை வயிற்றில் இருந்தது என்று நினைத்து ஏமாந்துபோகலாம். அதனால் புழுக்களை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, மறுபடி நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை அலசி, பாக்டீரியாவுக்குப் பிடித்த சத்துக் கூழ் உறைந்திருக்கும் தட்டில் தட்டுக்கு ஒன்றாக வைக்க வேண்டும். இரண்டு நாளில் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்றால் புழுவின் தோல் சுத்தம். அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டத்துக்கு அவர்கள் போகவே முடியவில்லை. பத்துத் தட்டு வைத்தால் ஒன்றிலோ இரண்டிலோ பாலாடை நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே நிறம், அதே பளபளப்பு. அவள் மருந்தை மாற்றினாள், இன்னும் நாலு முறை அலசினாள், அறையையே கழுவிவிட்டாள். அப்போதும் ஒன்று, இரண்டு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கயோ அழுக்கு நுழையுதும்மா" என்றார். அவள் கை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் வேறு யாருடைய கையும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் பையிலிருந்து இரண்டு கூழ்த் தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். முகம் சரியில்லை. "கோபப்படாதீங்க. உங்க விரலை இதுல ஒத்தி எடுக்கணும்."

"எதுக்கு?"

"நீங்க நாள் பூரா பத்துப் பேர் தலையில கை வைக்கறீங்களாம். அதுல ஏதாவது எம் மூலமா ஆய்வகத்துக்கு வருதான்னு டாக்டர் பாக்கணுமாம்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் கத்தியை நான் கொதிக்க வைக்கிற மாதிரி அந்த மனுஷன் தன் சமையல் பாத்திரத்தைக் கொதிக்க வைப்பாரா? ஒவ்வொரு தலைக்கும் புதுத் துண்டு போடுகிறவன் நான். இப்போதே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். மகள் செருப்பைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டாள். கடைசியில் பத்து விரலையும் ஒத்திக் கொடுத்தேன், குற்றவாளி மாதிரி.

நாலாம் நாள் முடிவு வந்தது. என் கையில் ஏழு வகை வளர்ந்திருந்தது. அந்தப் பாலாடைப் புள்ளி மட்டும் இல்லை. "உங்க வீட்டுக்காரர் கையில இல்லாதது இது ஒண்ணுதான்னு டாக்டர் சொல்லிச் சிரிச்சார்" என்றாள் அவள். என் கையில் ஏழு இருந்ததில் எனக்குக் கொஞ்சம் அவமானம். எட்டாவது இல்லாததில் தாங்க முடியாத சந்தோஷம்.

ஆனால் அதோடு விடவில்லை. கையில் இல்லையென்றால் முடியில் இருக்கலாம் என்று இமைமுடிக் குச்சிக்குத் தடை போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக மெல்லிய இரும்பு ஊசி. ஒவ்வொரு புழுவுக்கும் நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்து, ஆறவைத்து எடுக்க வேண்டும். நெருப்பை விட சுத்தம் எது? அவளும் சரி என்று தலையாட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்துத் தட்டு வைத்தாள். இரண்டாம் நாள் திறந்தால் பத்தில் ஒன்பது தட்டில் பாலாடைப் புள்ளி.

டாக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். தலைமை நிலையத்திலிருந்து ஒரு மூத்த விஞ்ஞானி அம்மா அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் ஒரு தடவையாவது பத்துத் தட்டும் சுத்தமாகக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் புழு அறைக்கு வேறு ஆள். இவளுக்கு விதைக் கிடங்கு.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. கையை மாத்திப் பாக்கறதைத் தவிர வேற வழி தெரியல."

விதைக் கிடங்கில் கஷ்டம் ஒன்றும் இல்லை. விதையை எடை போட்டுப் பையில் கட்டி அடுக்கலாம், சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். அதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்த முனகல் பாட்டு கேட்கவில்லை. அவள் கையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு காலையில் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். பதினாறு வருஷத்துப் பெயர். கை சுத்தமில்லாதவள் என்று ஆகி அந்த அறையைவிட்டுப் போவதை அவளால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஆய்வகத்தில் மின்சார வேலை நடந்ததால் அவளுக்கு அரைநாள் விடுப்பு. மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாத்தியார் சும்மா இல்லாமல், "என்னம்மா, புழுவெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். அந்த டாக்டரைப் பற்றி, அவர் ஊசியைப் பற்றி, அவர் தலைமுடியைப் பற்றி. பேசப் பேசக் கை வேகமெடுத்தது. காலையில்தான் புது பிளேடு போட்டிருந்தேன்.

"ஆ!" என்றார் வாத்தியார். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. கத்தி நுனியில் ஒரு சொட்டு. எட்டு வருஷமாக என் கடையில் ஒரு கன்னத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மன்னிச்சிடுங்க வாத்தியாரே, எல்லாம் சுத்தமான கத்தி, கொதிக்க வச்சது, பிளேடுகூடப் புதுசு..." என்று உளறினேன்.

"புதுசுங்கறதாலதான்யா வெட்டிச்சு!" என்றார் வாத்தியார், கன்னத்தைப் பொத்திக்கொண்டு. "கத்தி சுத்தமா இருந்தா மட்டும் எனக்கு ரத்தம் வராதா? ரத்தம் கத்தியில இருந்தா வருது? எனக்குள்ள இருந்துல்ல வருது!"

பெஞ்சில் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் கீழே உருண்டு கிடந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தைம்மா?"

"என்னங்க, நான் முடியால எடுத்தப்போ பத்துல ஒண்ணு ரெண்டுதான் வளந்துச்சு. ஊசியால எடுத்தப்போ ஒம்போது. ஊசி நெருப்புல காட்டினது. முடியைவிட ஊசிதான் சுத்தம். அப்போ அழுக்கு குறையணுமா, கூடணுமா?"

"குறையணும்" என்றார் கணக்கு வாத்தியார், கன்னத்தில் பஞ்சோடு.

"கூடியிருக்கே! ஏன்னா ஊசி புழுவைக் குத்திக் கிழிக்குது. முடி கிழிக்கறதில்ல, எப்பவாவது என் கை தவறினாத்தான் கிழியும், அதான் ஒண்ணு ரெண்டு. அது என் கையில இருந்து வரலீங்க. புழுவுக்குள்ள இருந்து வருது. அவர் தேடற குடித்தனம் அதுதான். நாங்க இத்தனை நாளா அதை அழுக்குன்னு தட்டோட வேகவச்சுக் கொட்டிக்கிட்டிருக்கோம்!"

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். நானும் வாத்தியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாதிச் சவரத்தில் இருந்த மனுஷன், "ஓடுய்யா, கூடப் போ. நான் கடையைப் பாத்துக்கறேன்" என்றார். நான் போகவில்லை. போயிருந்தால் வழியிலேயே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன்.

டாக்டர் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. அதில் தப்பில்லை என்று அவளே சொன்னாள். இப்படி இருக்கலாம் என்பது வேறு, இப்படித்தான் என்று காட்டுவது வேறு. ஆனால் அவர் ஒன்று செய்தார். "எப்படிக் காட்டுவீங்க, நீங்களே சொல்லுங்க" என்று பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் முப்பது தட்டு கேட்டாள். முதல் பத்தில் புழுக்களை அலசிய கடைசித் தண்ணீர் மட்டும். அதில் எதுவும் முளைக்கவில்லை என்றால் தோலும் சுத்தம், தன் கையும் சுத்தம். இரண்டாம் பத்தில் முழுப் புழு, இமைமுடியால் காயமில்லாமல் தூக்கி வைத்தது. மூன்றாம் பத்தில் அதே மாதிரி அலசிய புழு, ஊசியால் வேண்டுமென்றே நசுக்கியது. இரண்டே நாளில் பார்த்துவிட வேண்டும், நாள் கூடினால் முழுப் புழுவும் கழிவோடு பாக்டீரியாவை வெளியே விட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னார். இமைமுடித் தடை நீங்கியது. பழைய குச்சியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். தட்டு வைக்கும் நாள் காலை நான் கண்ணாடி முன் நின்று ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியில்தான்.

புதன்கிழமை தட்டு வைத்தார்கள், டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்க்க. வெள்ளிக்கிழமை விஞ்ஞானி அம்மா வந்ததும் அவர் முன்னால்தான் திறப்பது என்று முடிவு. வியாழக்கிழமை இரவு மகள், "முளைச்சா சந்தோஷப்படணுமா, முளைக்கலன்னா சந்தோஷப்படணுமா?" என்று கேட்டாள்.

"மூணாவது பத்துல முளைக்கணும். மத்த இருபதுல முளைக்கக் கூடாது" என்றாள் அவள்.

"கஷ்டமான பரீட்சைதான்" என்றாள் மகள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். வாசல் காவலாளி என் வாடிக்கையாளர். சும்மா உள்ளே விட்டுவிட்டான். நடையில் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். மேல் ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சும் கேட்டது. விஞ்ஞானி அம்மா குள்ளமாக, நரைத்த தலையோடு, வேகமாகப் பேசுகிறவராக இருந்தார். மூன்று அடுக்காகத் தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார்கள். என் மனைவி சுவரோரம் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

முதல் பத்து. விஞ்ஞானி அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுத்தம். பத்தும் சுத்தம். நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து அவர் மூன்றாம் பத்தை எடுத்தார். நசுக்கியவை. பாலாடை, பாலாடை, பாலாடை. பத்தும். டாக்டர் முகத்தில் சிரிப்பு பரவ ஆரம்பித்தது. "அடேயப்பா" என்றார் விஞ்ஞானி அம்மா.

கடைசியாக இரண்டாம் பத்து. முழுப் புழு வைத்தவை. ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். ஐந்து, ஆறு. ஏழாவது தட்டைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பாலாடைப் புள்ளி, கொழுகொழுவென்று.

டாக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மீதி மூன்றும் சுத்தமாக இருந்தன. ஆனால் அந்த ஒன்று இருந்தது. முழுப் புழுவின் தட்டில் ஒன்று முளைத்துவிட்டால், தோலில் இருந்து வந்ததோ கையில் இருந்து வந்ததோ என்ற பழைய சந்தேகம் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இது எப்படி வந்துச்சு?" என்று விஞ்ஞானி அம்மா கேட்டார்.

என் மனைவி சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "அந்தத் தட்டைத் திருப்பிப் பாருங்க மேடம்."

அவர் தட்டைத் தலைகீழாகத் திருப்பினார். தட்டின் அடிப்பக்கம் எண்ணுக்குப் பக்கத்தில் நீல மையில் பொடி எழுத்து. விஞ்ஞானி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாய்விட்டுப் படித்தார். "'குத்திட்டேன்.'"

"புதன்கிழமை ஏழாவது புழுவை வைக்கும்போது சார் இருமினாங்க மேடம். என் கை ஆடிடுச்சு. குச்சி முனை புழு மேல பட்டுக் கிழிஞ்சிடுச்சு. மூடின உடனே எழுதிட்டேன்."

"நான் பக்கத்துலதானே நின்னேன், எங்கிட்ட சொல்லலியே!" என்றார் டாக்டர்.

"வேற தட்டு வச்சுக்கோங்கன்னு சொல்லிடுவீங்கன்னு பயம் சார். நடந்தது நடந்த மாதிரியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

விஞ்ஞானி அம்மா மற்ற ஒன்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். அடியில் எண் மட்டும்தான். மறுபடி ஏழாவதை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்தார். எழுதிய தட்டில் முளைத்திருக்கிறது. எழுதாத தட்டில் முளைக்கவில்லை. காயம் பட்ட புழுவிலிருந்து மட்டும்தான் வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கணக்கு வாத்தியார் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

"நான் முப்பது வருஷமா தட்டு வைக்கறேன்" என்றார் விஞ்ஞானி அம்மா. "எந் தட்டுல கை தவறினா யாரும் பாக்கறதுக்குள்ள தூக்கிப் போட்டுட்டு வேற வச்சிருக்கேன். பல தடவை. அந்தக் கையைக் கொடுங்கம்மா."

அவள் தன் கையைப் பார்த்தாள். அப்புறம் நீட்டினாள். விஞ்ஞானி அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா. இனிமே உங்க தட்டுல எது முளைச்சாலும் முதல்ல புழுவை விசாரிக்கறேன், அப்புறம்தான் உங்களை" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நானும் சிரித்த சிரிப்பில் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவர்தான் அந்த ஏழு வகைக்காரரா?" என்று டாக்டர் கேட்டார். அந்த நிமிஷத்தில் அவர் தலைமுடிகூட எனக்கு அழகாகத் தெரிந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு நடைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். வந்த வேகத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எங் கை சுத்தம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"இதை நான் பதினாறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேனே!"

"நீங்க சொன்னதெல்லாம் சேர்த்தி இல்லங்க. நீங்க எம் புருஷன்."

சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ முனகியபடி திரும்ப உள்ளே போனாள். புனலில் புழுக்கள் இறங்கியிருக்கும், கிளிப்பைத் திறக்க நேரமாகிவிட்டது.